யாருக்கும் சான்றாக நிற்காத குரல்

நெதர்லாந்தில் இரண்டே ஆண்டுகளுக்குள் இரண்டு அரசுகள் கவிழ்ந்தன. 2023 ஜூலையில் பிரதமர் மார்க் ருட்டேயின் கூட்டணி உடைந்தது. போரிலிருந்து தப்பி வந்தவர்கள் தங்கள் குடும்பத்தினரை வரவழைத்துக்கொள்வதை எந்த அளவுக்கு அனுமதிப்பது என்ற கேள்வியில் கூட்டணிக் கட்சிகள் உடன்பட முடியவில்லை. அதே ஆண்டு நவம்பரில் நடந்த தேர்தலில், புலம்பெயர்ந்தோருக்கு எதிரான அரசியலை நடத்தும் கீர்ட் வில்டர்ஸின் கட்சி 150 இடங்களில் 37 இடங்களை வென்று முதலிடம் பெற்றது. அக்கட்சி இடம்பெற்ற கூட்டணி அரசும் நிலைக்கவில்லை. புகலிடக் கொள்கையை மேலும் கடுமையாக்கும் தனது திட்டத்தைக் கூட்டாளிகள் ஏற்கவில்லை என்று கூறி 2025 ஜூனில் வில்டர்ஸ் வெளியேறினார். ஒரு கோடியே எண்பது லட்சம் மக்கள் வாழும் வளமான நாட்டில், ஆட்சியைத் தீர்மானிக்கும் கேள்வி ஒன்றே ஒன்றாகச் சுருங்கிவிட்டது. 'யாரை உள்ளே விடுவது?' என்பதே அது.

இத்தகைய விவாதம் சூடேறும்போதெல்லாம் ஐரோப்பிய ஊடகங்களுக்குச் சில முகங்கள் தேவைப்படுகின்றன. அகதிகளை ஏற்க வேண்டும் என்று வாதிடுபவர்கள், அகதிக் குடும்பத்தில் பிறந்து சாதித்த ஒருவரைச் சுட்டிக்காட்டுகிறார்கள். ஏற்கக் கூடாது என்பவர்களும் அதே நபரைத்தான் சுட்டிக்காட்டுகிறார்கள். 'இவரைப் போல இருந்தால் சரி, மற்றவர்கள் ஏன் இப்படி இல்லை?' என்று கேட்கிறார்கள். இவ்விரு தரப்புக்கும் ஏற்ற முகமாகத் தோன்றக்கூடிய இளம் பாடகி ஒருவர் நெதர்லாந்தில் இருக்கிறார். அவருடைய மேடைப் பெயர் நாஸ். முழுப் பெயர் நாஸ் முகமது. உருது அறிந்தவர்களுக்கு அச்சொல் பழக்கமானதே; பெருமிதம் என்றும் செல்லச் சிணுங்கல் என்றும் அதற்குப் பொருள் உண்டு. 1998-இல் பிறந்தவர், ராட்டர்டாம் நகரத்துப் பாடகி. பெற்றோர் ஈராக்கின் குர்திஸ்தான் பகுதியிலிருந்து வந்தவர்கள். பாடல்களைத் தாமே எழுதி, இசையமைப்பிலும் ஒலிப்பதிவுத் தயாரிப்பிலும் தாமே ஈடுபடுகிறவர்.

அவருடைய கலை வாழ்க்கையின் வெளித்தோற்றம் இன்றைய தலைமுறையின் பல பாப் பாடகர்களுடையதைப் போன்றதுதான். பள்ளிப் பருவத்திலேயே தன் அறையில் அமர்ந்து பாடல்கள் எழுதினார். இணையம் அவற்றைக் கேட்போரிடம் கொண்டுசேர்த்தது. 2017-இல் வெளியான 'வேர்ட்ஸ்' என்ற பாடல் கவனம் பெற்றது. அடுத்த ஆண்டு 'பிட்ஸ் ஆஃப் நாஸ்' என்ற சிறு தொகுப்பு வந்தது. 1960 முதல் வழங்கப்பட்டுவரும், அந்நாட்டின் பழம்பெரும் இசை விருதான எடிசன் விருது, புதுமுகக் கலைஞர் பிரிவில் அவருக்குக் கிடைத்தது. மெல்லிய, குழந்தைத்தனம் கலந்த குரல். அதற்கு மாறாக வயதுக்கு மீறிய முதிர்ச்சியுள்ள வரிகள். இந்த முரண்தான் அவரை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டியது. உலகச் சந்தை அவரை அழைக்கப்போகிறது என்று எல்லோரும் எதிர்பார்த்திருந்த வேளையில், இந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில், இசையிலிருந்து விலகுவதாக அறிவித்தார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டைத் தாண்டியிருக்கவில்லை. பின்னர் தனக்குகந்த வேகத்தில் திரும்பி வந்தார்.

இந்தச் சிறு வரலாற்றில் ஊடகங்கள் விரும்பி எழுதும் பகுதி ஒன்று உண்டு. மகள் பாடகியாவதில் குடும்பத்துக்கு இருந்த தயக்கம்தான் அது. அதைப் பற்றி நாஸ் வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். மரபில் ஊறிய குடும்பங்களில் இசை ஒரு தொழிலாகக் கருதப்படுவதில்லை. அதிலும் பெண் மேடையேறுவது எளிதில் ஏற்கப்படுவதில்லை. ஆகவே ஐரோப்பிய வாசகருக்கு ஒரு கதை தயாராகிவிடுகிறது. பழமைவாதக் குடும்பம், சுதந்திரமான நாடு, இரண்டுக்கும் இடையே போராடி வெளிவந்த பெண். கதையில் பொய் இல்லை. ஆனால் அது பாதிதான். மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள, ஒரு குர்து குடும்பத்தில் 'பாடுவது' என்ற சொல்லுக்கு என்ன எடை இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

முதல் உலகப் போருக்குப் பின் 1920-இல் கையெழுத்தான செவ்ரே உடன்படிக்கை குர்துகளுக்குத் தன்னாட்சிக்கான வாய்ப்பைக் காகிதத்திலாவது தந்தது. 1923-இன் லோசான் உடன்படிக்கை அதை அழித்தது. துருக்கி, ஈராக், ஈரான், சிரியா என நான்கு நாடுகளில் சிதறிய அந்த மக்களின் எண்ணிக்கை மூன்று கோடிக்குக் குறையாது. சொந்த அரசு இல்லாததால் அரசு ஆவணக் காப்பகமும் தேசியப் பல்கலைக்கழகமும் அவர்களுக்கு வாய்க்கவில்லை. அவற்றின் வேலையை நீண்ட காலம் செய்தவர்கள் 'தெங்பெஜ்' எனப்படும் கதைப்பாடகர்கள். போர்களையும் காதல்களையும் படுகொலைகளையும் நினைவிலிருந்து மணிக்கணக்கில் பாடியவர்கள் அவர்கள். அதனால்தான் மொழியை ஒடுக்க நினைத்த அரசுகள் பாட்டையும் குறிவைத்தன. துருக்கியில் 1983-இல் இயற்றப்பட்ட 2932-ஆம் எண் சட்டம், குர்து மொழியில் கருத்து வெளியிடுவதையும் பரப்புவதையும் குற்றமாக்கியது. 1991 வரை அது நடைமுறையில் இருந்தது. அந்த ஆண்டுகளில் ஒலிநாடா வைத்திருப்பதே ஆபத்து. 1976-இல் ஜெர்மனிக்குத் தப்பிச் சென்ற ஷிவான் பெர்வெரின் நாடாக்கள் எல்லை தாண்டிக் கடத்தப்பட்டு, கதவுகளைச் சாத்திக்கொண்டு கேட்கப்பட்டன. அவர் மீண்டும் தியார்பகிர் மேடையில் நிற்க 37 ஆண்டுகள் ஆயின.

சட்டம் போனதும் அச்சம் போய்விடவில்லை. 1999 பிப்ரவரியில் இஸ்தான்புல்லில் நடந்த விருது விழா ஒன்றில், புகழின் உச்சியிலிருந்த பாடகர் அஹ்மத் காயா, தனது அடுத்த தொகுப்பில் குர்து மொழிப் பாடல் ஒன்று இடம்பெறும் என்று மட்டுமே அறிவித்தார். அரங்கிலிருந்த பிரமுகர்கள் அவரை வசைபாடினர். உணவு மேசைகளிலிருந்து முள்கரண்டிகள் அவர்மீது பறந்தன. அதே ஆண்டு அவர் பிரான்ஸுக்குச் சென்றார். 2000 நவம்பரில், 43-ஆம் வயதில், பாரிஸில் மாரடைப்பால் இறந்தார்.

ஆண்களின் நிலை இதுவென்றால் பெண்களுக்கு வேலி இரண்டு. தியார்பகிரில் பிறந்த ஐஷே ஷானின் தந்தை தாமே ஒரு தெங்பெஜ். வீட்டின் கூடத்தில் இரவெல்லாம் பாட்டு நடக்கும். அதைக் கேட்டு வளர்ந்த மகள் பொதுவெளியில் பாடத் தொடங்கியபோது, குடும்பம் அதைக் கௌரவக் குறைவாகக் கண்டது. ஊரைவிட்டு, நாட்டைவிட்டு, ஜெர்மனி, பாக்தாத் என்று அலைந்த அவர் 1996-இல் இறந்தார். இன்று குர்து இசையின் பேரரசி என்று அதே சமூகம் அவரைக் கொண்டாடுகிறது. அவருக்கும் முந்தைய தலைமுறையைச் சேர்ந்த மெர்யெம் கான், பாடுவதைப் புகுந்த வீடு ஏற்காததால் மணவாழ்வைத் துறந்து பாக்தாத் சென்று, வானொலியின் குர்துப் பிரிவில் பாடினார். சோவியத் ஆர்மீனியாவின் எரேவான் வானொலி 1955 முதல் ஒலிபரப்பிய குர்து நிகழ்ச்சிகளில்தான், எல்லைக்கு இப்பால் துருக்கியக் கிராமங்களில் வாழ்ந்த பலர் தங்கள் மொழியில் பெண் குரலை வானொலியில் முதன்முறையாகக் கேட்டார்கள். அண்மைக்கால உதாரணம் ஐனூர் டோவான். 2004-இல் வெளிவந்த அவருடைய தொகுப்பின் தலைப்புப் பாடல், பெண்களைக் கலகத்துக்குத் தூண்டுகிறது என்று கூறி தியார்பகிர் நீதிமன்றம் அடுத்த ஆண்டு தொகுப்புக்கே தடை விதித்தது. தடை பின்னர் நீங்கியது. 2011-இல் இஸ்தான்புல் ஜாஸ் விழாவில், கட்டணம் செலுத்தி வந்த ரசிகர்களே இருக்கை மெத்தைகளை எறிந்து அவரை மேடையிலிருந்து இறக்கினர். 2022-இல்கூட டெரின்ஜே நகராட்சி அவருடைய கச்சேரியை ரத்து செய்தது.

இந்தப் பின்னணியை நினைவில் வைத்துக்கொண்டு, மகள் பாடப்போகிறேன் என்று சொன்னதும் முகம் வாடும் பெற்றோரைப் பார்க்க வேண்டும். அங்கே ஆணாதிக்கம் இல்லை என்று வாதிடுவது நேர்மையாகாது. குடும்ப கௌரவத்தின் பெயரால் குர்து சமூகம் தன் பெண்களுக்கு இழைத்திருக்கும் கொடுமைகள் ஐரோப்பிய மண்ணிலும் வழக்குகளாகப் பதிவாகியுள்ளன. அந்தக் கௌரவ உணர்வோடு வேறொன்றும் பின்னிக் கிடக்கிறது. குரல் எழுப்பியவர்களெல்லாம் சிறைக்கோ நாடுகடத்தலுக்கோ போனதைக் கண்ட மக்களின் எச்சரிக்கை அது. 'கவனம் ஈர்க்காதே, படி, நல்ல வேலைக்குப் போ' என்பது உலகெங்கும் அகதிப் பெற்றோர் தம் பிள்ளைகளுக்குச் சொல்லும் அறிவுரை. அதில் எவ்வளவு பழமை, எவ்வளவு பயம் என்று பிரித்தறிவது வெளியாருக்கு எளிதன்று. ஐரோப்பியச் செய்தியாளர் பழமையை மட்டும் குறித்துக்கொண்டு போய்விடுகிறார்.

அந்தப் பயத்துக்குக் காரணமானவர்கள் அனைவரும் மேற்காசியாவில் மட்டும் இருந்தார்களா என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்விதான். 1988 மார்ச் 16 அன்று ஈராக்கின் ஹலப்ஜா நகரத்தின்மீது சதாம் உசேனின் விமானங்கள் இரசாயனக் குண்டுகளை வீசின. சுமார் 5,000 பேர் மடிந்தனர். அன்ஃபால் என்ற பெயரில் நடத்தப்பட்ட அழித்தொழிப்பின் உச்சம் அந்த ஆண்டு. 1991-இல் கிளர்ச்சி தோற்றதும் லட்சக்கணக்கானோர் மலைகளை நோக்கி ஓடினர். 1990-களின் நடுவில் குர்துக் கட்சிகள் தங்களுக்குள்ளேயே போரிட்டன. அந்தப் பத்தாண்டில் நெதர்லாந்தை வந்தடைந்த ஈராக்கிய குர்துகள் இந்த நிகழ்வுகளைச் சுமந்தே வந்தனர். சதாமின் ஆலைகளுக்கு, கடுகு வாயு தயாரிக்கப் பயன்படும் தையோடைகிளைகோல் என்ற இரசாயனத்தை ஆயிரக்கணக்கான பீப்பாய்களில் விற்றவர்களுள் ஒருவர் ஃபிரான்ஸ் ஃபான் அன்ராட் என்ற டச்சு வணிகர். 2005 டிசம்பரில் ஹேக் நகர நீதிமன்றம் அவரைப் போர்க்குற்றங்களுக்கு உடந்தையானவர் என்று தீர்ப்பளித்து 15 ஆண்டுகள் சிறை விதித்தது. குர்துகளுக்கு எதிராக நடந்தது இனப்படுகொலை என்றும் அந்த நீதிமன்றம் கூறியது. மேல்முறையீட்டில் தண்டனை 17 ஆண்டுகளாக உயர்ந்தது. பின்னர் உச்ச நீதிமன்றம் அதைச் சற்றே குறைத்தது.

தீர்ப்பு வந்தபோது நாஸ் ஏழு வயதுச் சிறுமி. பெற்றோருக்கு அடைக்கலம் தந்த நாட்டிலிருந்துதான் அந்த மக்களை ஊரைவிட்டு விரட்டிய நஞ்சின் வியாபாரியும் வந்தார். அவரைத் தண்டித்த நீதிமன்றமும் அந்நாட்டுடையதே. புகலிடம் என்பதை ஈகையாக மட்டுமே சித்திரிக்கும் அரசியல்வாதிகள் இந்த வழக்கை அரிதாகவே நினைவுகூர்கிறார்கள்.

அவர் வளர்ந்த ராட்டர்டாமும் சாதாரண ஊரன்று. ஐரோப்பாவின் மிகப் பெரிய துறைமுகம். மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வேற்று நாட்டுப் பின்புலம் கொண்டவர்கள். புலம்பெயர்ந்தோருக்கு எதிரான அரசியலை டச்சு மைய நீரோட்டத்துக்குக் கொண்டுவந்த பிம் ஃபோர்டைன் 2002 மார்ச்சில் முதல் வெற்றியை ஈட்டியது இங்குதான். இரண்டே மாதங்களில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே நகரத்துக்கு 2009 முதல் 2024 வரை மேயராக இருந்தவர் மொராக்கோவில் பிறந்த அகமது அபூதாலிப். வெறுப்பும் ஏற்பும் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் நகரம். அங்கே பள்ளிக்குச் சென்ற குர்துக் குழந்தைக்கு அரசு வழங்கிய பெயர் 'அலோக்தோன்'. 'வேற்று மண்ணினர்' என்று பொருள் தரும் கிரேக்க வேர்ச்சொல். நெதர்லாந்திலேயே பிறந்திருந்தாலும், பெற்றோரில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்திருந்தால் போதும், புள்ளிவிவரத்தில் அந்தக் குழந்தை வேற்று மண்ணினர்தான். 2016-இல்தான் அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகம் அச்சொல்லைக் கைவிட்டது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. டச்சுப் புள்ளிவிவரங்கள் பிறந்த நாட்டைக் கணக்கிடுகின்றன; இனத்தைக் கணக்கிடுவதில்லை. ஆகவே நெதர்லாந்தில் குர்துகள் அதிகாரபூர்வமாக இல்லை. ஈராக்கியர் இருக்கிறார்கள், துருக்கியர் இருக்கிறார்கள், ஈரானியர், சிரியர் இருக்கிறார்கள். யாருடைய ஆட்சியிலிருந்து தப்பி வந்தார்களோ அந்த ஆட்சியின் பெயரே அவர்கள்மீது ஒட்டப்படுகிறது. ஒரு பாடகி மேடையில் நின்று 'நான் குர்துப் பெண்' என்று சொல்வது அந்தச் சூழலில் வெறும் தன்னறிமுகமாக மட்டும் இருப்பதில்லை.

அப்படிச் சொல்பவர் ஏன் ஆங்கிலத்தில் பாடுகிறார்? குர்துத் தேசியவாதிகள் இக்கேள்வியைக் கேட்பார்கள். டச்சுத் தேசியவாதிகளுக்கும் தங்கள் மொழிப் பற்றை முன்னிட்டு இதே கேள்வி எழலாம். அவர்களுக்கு ஒரு நினைவூட்டல்: 1970-இல் 'ஷாக்கிங் புளூ' என்ற டச்சுக் குழு 'வீனஸ்' பாடலால் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்த காலத்திலிருந்தே ஆங்கிலத்தில் பாடுவது டச்சு பாப் இசையின் வழக்கம். ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்த வகையில் நாஸ் மிகச் சாதாரணமான டச்சுக்காரர்தான்.

குர்து மொழியின் பக்கம் சிக்கல் வேறு வகையானது. அது குர்மாஞ்சி, சொரானி என்ற இரு பெரும் வழக்குகளாகப் பிரிந்து கிடக்கிறது. ஒன்று பெரும்பாலும் லத்தீன் எழுத்தில் எழுதப்படுகிறது, மற்றொன்று அரபு எழுத்தில். ஒருங்கிணைந்த சந்தை அதற்கு உருவாகவே இல்லை. இணைய இசைத் தளங்களின் கணக்கும் சிறிய மொழிகளுக்குச் சாதகமாக இல்லை. ஓராண்டில் 1,000 முறைகூடக் கேட்கப்படாத பாடலுக்கு உரிமத்தொகை இல்லை என்ற விதியை 2024 முதல் ஸ்பாட்டிஃபை நடைமுறைப்படுத்திவருகிறது. இசையால் பிழைக்க நினைக்கும் இளைஞர் எம்மொழியில் எழுதுவார் என்பதை இந்த ஏற்பாடே பெருமளவு தீர்மானித்துவிடுகிறது. பெற்றோரின் மொழியும் இல்லாமல், பள்ளி மொழியும் இல்லாமல், மூன்றாவது மொழியில் ஓர் இளம்பெண் தன் அந்தரங்கத்தை எழுதுவதில் இன்னொரு வசதியும் இருக்கக்கூடும் என்பது என் ஊகம். எந்த வீட்டுக்கும் நேரடியாகக் கேட்காத மொழியில் மனத்தைத் திறப்பது சற்று எளிது.

இனி அந்த விலகலுக்கு வருவோம். குடும்பத்தின் தயக்கத்தைப் பக்கம் பக்கமாக எழுதிய ஊடகங்கள், வெற்றிபெற்ற ஒரு பாடகி இருபதுகளின் தொடக்கத்திலேயே இசையைத் துறந்ததைத் தனிமனிதச் சோர்வாகவே கடந்துபோயின. எனக்கு இது புதிராகவே இருக்கிறது. வீடு அவரைத் தடுத்து நிறுத்தவில்லை. அது மெல்ல மெல்ல வழிவிட்டது. எந்த அரசும் அவருடைய பாட்டைத் தடை செய்யவில்லை. சுதந்திரமான சந்தையில், விருதுகளுக்கும் விழா அழைப்புகளுக்கும் நடுவில்தான் அவர் நிறுத்தினார். இன்றைய பாப் தொழில் ஒரு கலைஞரிடம் பாடலை மட்டும் கேட்பதில்லை. அன்றாடம் சமூக ஊடகத்தில் தோன்ற வேண்டும். காயங்களைக் கதையாக்கித் தர வேண்டும். அகதியின் மகள் என்றால் அந்தக் கதையை ஒவ்வொரு நேர்காணலிலும் புதிதாகச் சொல்ல வேண்டும். முதல் தொகுப்பு வெளிவந்த அன்றே அடுத்த தொகுப்பு எப்போது என்ற கேள்வி வந்துவிடும். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளை இந்தச் சக்கரத்தில் ஏற்றிவிட்டு, அவர்கள் இறங்கும்போது மட்டும் 'மனநலம்' என்ற ஒற்றைச் சொல்லால் கணக்கை முடிப்பது தொழிலுக்கு வசதியானது. வீடு மௌனம் கேட்டால் அது ஒடுக்குமுறை, சந்தை இடைவிடாத பேச்சைக் கேட்டால் அது வாய்ப்பு என்று பிரிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

குர்துப் பின்புலம் கொண்ட மற்ற பாடகிகளின் வாழ்க்கையை அருகில் வைத்துப் பார்த்தால், நாஸ் எதை மறுத்தார் என்பது தெளிவாகும். ஈரானில் பிறந்து பின்லாந்தில் வளர்ந்த ஹெல்லி லவ், ஐ.எஸ். அமைப்புக்கு எதிரான போரின் நடுவே, 2015-இல் மொசூல் போர்முனைக்கு அருகில் காணொளிப் பாடல் எடுத்தார். கொலை மிரட்டல்களைச் சந்தித்தார். மேற்குலகம் அவரைப் போராளி அழகியாகக் கொண்டாடியது. சுலைமானியாவில் பிறந்து நெதர்லாந்தில் வளர்ந்த தஷ்னி மொராத், குர்திஸ்தான் தொலைக்காட்சியில் நிகழ்ச்சி நடத்தி, உடைக்காகவும் காணொளிகளுக்காகவும் அங்கே கடும் கண்டனத்துக்கு உள்ளானார். ஒருவர் தேசத்தின் சின்னமானார். மற்றவர் விவாதத்தின் பொருளானார். நாஸ் தன்னைப் பற்றியும் தன் மனக்கலக்கங்களைப் பற்றியும் பாடினார். கொடியையோ துப்பாக்கியையோ ஏந்தவில்லை. பெற்றோரைத் தூற்றிப் பெயர் தேடவுமில்லை. அரசியலே இல்லாததுபோல் தோன்றும் இந்தத் தேர்வுதான், எல்லாத் திசையிலிருந்தும் 'நீ எதன் பிரதிநிதி?' என்று கேட்கப்படும் ஒரு சமூகத்தின் பெண்ணுக்குக் கடினமானது.

டச்சு அரசியலிலேயே இதற்கு எதிர்முனை ஒன்று இருக்கிறது. 2023-இல் ருட்டேயிடமிருந்து அவருடைய கட்சியின் தலைமையை ஏற்றவர் திலான் யெசில்கோஸ். அங்காராவில் பிறந்து, துருக்கியக் குர்துப் பின்புலத்துடன், குழந்தையாக அகதியாய் நெதர்லாந்து வந்தவர். புகலிடக் கொள்கையைக் கடுமையாக்க வேண்டும் என்று வாதிடும் வலதுசாரிகளில் முன்னணியில் இருப்பவர். அவருடைய கருத்துகள் அவருக்கு உரியவை. அகதியாக வந்தவர் அகதிகளுக்கு ஆதரவாகவே பேச வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எனினும் அவர் பேசும்போதெல்லாம் 'அகதியே சொல்கிறார்' என்ற அடைமொழி அந்த வாதத்துக்குத் தனி வலுவைத் தருகிறது. சான்றாக நிற்பதற்கு அரசியலில் கிடைக்கும் ஊதியம் அது. பாடகியிடமும் அதே விலையைப் பேசத்தான் இரு தரப்பும் முயல்கின்றன.

திரும்பி வந்த நாஸின் பாடல்களில் ஒன்றுக்கு 'ஆஸாதி' என்று பெயர். பாரசீகத்திலும் குர்து மொழியிலும் உருதுவிலும் விடுதலை என்று பொருள்படும் சொல். இந்தியப் பல்கலைக்கழக வளாகங்களில் முழக்கமாகக் கேட்டு நமக்கும் பழகிய சொல்தான். 2022 செப்டம்பரில் ஈரானின் சக்கேஸ் நகரைச் சேர்ந்த ஜினா மஹ்சா அமீனி என்ற 22 வயதுக் குர்துப் பெண் காவலில் இருந்தபோது உயிரிழந்தார். அவருடைய இறுதிச்சடங்கில் எழுந்த 'பெண், வாழ்வு, விடுதலை' என்ற குர்து முழக்கம் உலகெங்கும் ஒலித்தது. சில வாரங்களில் அது மொழிபெயர்க்கப்பட்டு பாரசீகத்திலும் ஆங்கிலத்திலும் புழங்கியபோது, அதன் குர்து வேரையும் ஜினா என்ற அவருடைய குர்துப் பெயரையும் பலர் மறந்தார்கள். ஈரானிய அதிகாரபூர்வ ஆவணங்களில் இருந்தது மஹ்சா என்ற பெயர்தான்.

துருக்கியின் ஜிஸ்ரே நகரைச் சேர்ந்த நூதெம் துராக் என்ற பாடகி 2015 முதல் சிறையில் கழித்த ஆண்டுகளும் இதே காலத்தவை. பயங்கரவாத அமைப்பில் உறுப்பினர் என்பது அவர்மீதான குற்றச்சாட்டு. குர்துப் பாடல்களைப் பாடியதும் கற்பித்ததுமே உண்மையான காரணம் என்கிறார்கள் அவருடைய ஆதரவாளர்கள். ஐஷே ஷானின் தலைமுறைக்கும் நாஸின் தலைமுறைக்கும் இடையில் எவ்வளவு மாறியிருக்கிறது, எவ்வளவு மாறவில்லை என்பதை அளக்க, இவ்விரு பெண்களும் சில ஆயிரம் கிலோமீட்டர் இடைவெளியில் ஒரே காலத்தில் வாழ்ந்திருக்கிறார்கள் என்பதே போதும்.

2025 அக்டோபரில் நெதர்லாந்து மீண்டும் வாக்களித்தது. வில்டர்ஸின் கட்சியும் தாராளவாத டி66 கட்சியும் தலா 26 இடங்கள் பெற்றன. புகலிட விவாதம் ஓயப்போவதில்லை. அதற்கான முகங்களைத் தேடும் வேலையும் தொடரும். நாஸ் இப்போதும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பாடுகிறார். அந்த ஒரு பாடலின் தலைப்பை மட்டும் வீட்டிலுள்ள யாருக்கும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்திருக்காது.